வெண்கலமும் மண்கலமும்: நிலுவை வசூலின் வரலாறு

அமிர்தகழி என்றதும் ஈழத்தவர்க்கு மாமாங்கேசுவரர் ஆலயமும் ஆடியமாவாசைத் தீர்த்தமும் நினைவுக்கு வரும். ஆலயத்தையும் வாவியையும் கண்டு மகிழ்ந்தவர்கள், அங்கிருந்து நெடுந்தூரமில்லாத புளியந்தீவுக் கோட்டையையும் பார்த்திருப்பார்கள். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அது. 1638 இல் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. பின்னர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடிகள் மாறிமாறிப் பறந்த அக்கோட்டைக்குள்ளேதான் மட்டக்களப்புக் கச்சேரி நெடுங்காலம் இயங்கிவந்தது. தமிழகத்தவர்க்குக் கச்சேரி என்றால் பாட்டும் மத்தளமும். நமக்கு அது அரசாங்க அதிபரின் அலுவலகம். வரியும் வழக்குமாக வயற்காரன் ஏறி இறங்கிய இடம் பீரங்கி வைத்த மதிலுக்குள் அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் வரலாற்று மாணவன் அதைக் கண்டுங் காணாதவனாகக் கடந்துவிட இயலாது.

அரசர்களும் தேசாதிபதிகளும் விதித்த வரிகளைப் பாடநூல்கள் வரிசைப்படுத்திக் கூறுகின்றன. மாணவர்களும் மனனம் செய்து பரீட்சையில் எழுதுகிறார்கள். ஆனால் விதித்த வரி சேராதபோது என்ன நடந்தது? நிலுவை என்று ஏட்டில் எழுதப்பட்ட குடியானவனின் வீட்டு வாசலில் யார் வந்து நின்றார்கள்? எதை எடுத்துச் சென்றார்கள்? இக்கேள்விகளுக்குப் பாடநூலில் விடையில்லை. தண்டுதல் என்பது வசூலித்தல். தண்டம் என்பது தண்டனை. அகராதி இவ்விரு சொற்களையும் தனித்தனியே வைக்கலாம். குடியானவனின் அநுபவம் அவற்றைப் பிரித்ததில்லை. அந்த அநுபவத்தின் வரலாற்றையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

பொற்காலம் என்னும் கற்பனை

அந்நியர் வருமுன் நம் மன்னர்கள் வரிக்காக எவரையும் வருத்தியதில்லை என்று மேடைகளில் முழங்குவோர் உளர். நம் இலக்கியமே அவர்களை மறுக்கின்றது. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரையை நினைவுகூர்க. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால், தின்பதிலும் மிதித்து அழிப்பதே மிகுதியாகும் என்றார் அவர். யானை புகாத வயல்கள் மட்டுமே இருந்த நாட்டில் புலவர்க்கு இந்த உவமை தோன்றியிராது. கோலேந்திய அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதை வேலேந்திய வழிப்பறிக்காரன் கேட்பதோடு ஒப்பிட்ட வள்ளுவரும் வெறுங் கற்பனையில் அதைச் சொல்லவில்லை.

சோழர் காலத்துக்கு வருவோம். முதலாம் இராசராசனின் 24 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உக்கல் கல்வெட்டு ஓர் அரசாணையைத் தருகின்றது. சோழ, தொண்டை, பாண்டி மண்டலங்களில் பிராமணரும் வைகானசரும் சமணரும் காணியுடைய ஊர்களில், இரண்டாண்டு முழுமையும் வரி இறுக்காதோரின் நிலத்தை ஊரார் விற்றுவிடலாம் என்பது அவ்வாணையின் சாரம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் பிறந்த ஆணை இது. விமானத்தின் உயரத்தைக் கூறும் ஆசிரியர், நிலம் விற்கப்பட்ட செய்தியையும் அதே பாடவேளையில் கூறுவது நன்று.

இன்னொரு செய்தியும் பழைய கல்வெட்டுக்களில் வருகின்றது. இறை கேட்டு வந்தோர் வீட்டிலிருந்த வெண்கலத்தை எடுத்துக்கொண்டு மண்கலத்தை உடைத்தார்கள் என்பது அது. வெண்கலம் விலைபோகும், ஆகவே எடுத்தார்கள். மண்கலம் காசுக்கு உதவாது; அதை ஏன் உடைக்கவேண்டும்? முதலாவது வசூல். இரண்டாவது, அடுத்த வீட்டுக்காரன் பார்த்து அஞ்சுவதற்காகச் செய்த காரியம். நிலுவை வசூலின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு செயல்களுக்குள் அடங்கும். பணத்தைப் பெறுதல் ஒன்று. பணமில்லாதவனை அவமதித்தல் மற்றொன்று. பின்வந்த ஆட்சிகளில் இவை எவ்வெவ்வுருவம் கொண்டன என்பதைக் காண்போம்.

உடலே ஈடான காலம்

சென்னை மாகாணத்தில் ஆங்கிலக் கம்பெனி நிலைநாட்டிய இரயத்துவாரி முறை, அரசுக்கும் உழவனுக்கும் நடுவில் சமீந்தார் வேண்டாம் என்ற கொள்கையில் எழுந்தது. தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைந்த அம்முறையை உழவர்க்கு நன்மை பயந்த சீர்திருத்தமென்று புகழ்ந்தோர் பலர். ஆனால் சமீந்தார் இல்லாத இடத்தில் அரசே நிலப்பிரபுவாக நின்றது. ஆண்டுதோறும் சமாபந்தியில் தீர்வை முடிவாகும். கிஸ்தி கிஸ்தியாகப் பணம் செலுத்தவேண்டும். நெல் களத்துக்கு வந்து விலையாவதற்கு முன்பே கிஸ்தியின் தவணை வந்துவிடும். உழவன் வட்டிக்கடைக்கு ஓடினான். கடன் கிடைத்தவன் அவ்வாண்டு தப்பினான். கிடைக்காதவன் தாசில்தாரின் ஆட்களிடம் அகப்பட்டான்.

அகப்பட்டவனுக்கு நேர்ந்தது என்ன என்பது 1854 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. அதன் விளைவாகச் சென்னை அரசு ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர். குழு முறையீடுகளைக் கேட்கிறது என்ற செய்தி பரவியதும், பஞ்சையராகிய மக்கள் நெடுந்தொலைவு நடந்து சென்னைக்கு வந்தார்கள். வர இயலாதோர் எழுதியனுப்பினார்கள். ஏறத்தாழ 2,000 முறையீடுகள் குவிந்தன. 1855 இல் வெளிவந்த அறிக்கை, வரி வசூலுக்காகச் சித்திரவதை நடப்பது உண்மையென்று ஒப்புக்கொண்டது.

அவ்வறிக்கையில் எண்ணிச் சொல்லப்பட்ட முறைகளை இன்று படிப்பினும் நெஞ்சு நடுங்குகின்றது. நிலுவைக்காரனை வெயிலில் நிறுத்தினார்கள். உண்ணவும் இயற்கைக் கடன் கழிக்கவும் போகவிடாமல் தடுத்தார்கள். அவனுடைய மாடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் வீட்டுக்குள் அடைத்தார்கள். அவன் வீட்டில் ஒரு சேவகனைக் குடியிருத்தி, அச்சேவகனுக்குரிய நாட்கூலியையும் அவனே கொடுக்கச் செய்தார்கள். விரல்களையும் கைகளையும் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி என்ற கருவி இருந்தது. உடலை வளைத்துத் தலையைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் பிணைக்கும் அண்ணாந்தாள் இருந்தது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்க்கும் இப்பெயரால் ஒரு தண்டனை இருந்தது என்பதை ஆசிரியத் தொழில் புரியும் நாம் வெட்கத்துடன் குறிப்பிடுகிறோம். கச்சேரியும் பள்ளியும் ஒரே பாடத்தை ஒரே கயிற்றால் கற்பித்திருக்கின்றன.

இப்பட்டியலில் இன்னும் சில உள. நிலுவைக்காரனின் முதுகில், தாழ்ந்த சாதியான் என்று கருதப்பட்ட ஒருவனை ஏற்றி உட்காரவைத்தார்கள். எலும்புகளைக் கோத்துக் கழுத்தில் மாலையாக இட்டார்கள். தலைமயிரைக் கழுதையின் அல்லது எருமையின் வாலோடு முடிந்தார்கள். இவற்றால் கஜானாவுக்கு ஒரு காசும் நேரே வரவில்லை. இவையெல்லாம் மண்கலத்தை உடைக்கும் வேலை. சாதி இழிவு என்னும் சமூக நோயை அரசு தன் வசூற் கருவியாகக் கையாண்டது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். முதுகில் ஏற்றப்பட்டவனும் மனிதன். அவனைச் சுமப்பதே தண்டனை என்று வகுத்தபோது, ஒரே செயலால் இருவரையும் அவமதித்தார்கள்.

குழுவின் அறிக்கை குற்றத்தைக் கீழ்நிலைச் சுதேச உத்தியோகத்தர் மீது சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளைப் பெரும்பாலும் விடுவித்தது. இந்த வாதத்தைக் கார்ல் மார்க்ஸ் 1857 செப்டெம்பர் 17 ஆம் திகதிய நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் கூர்மையாக ஆராய்ந்தார். அப்போது சிப்பாய்களின் கொடுமைகளைப் பற்றி இலண்டன் பத்திரிகைகள் நாள்தோறும் ஓலமிட்டுக்கொண்டிருந்தன. மார்க்ஸ் அவர்களுடைய சொந்த அறிக்கையையே எடுத்துக் காட்டி, சித்திரவதை அவ்வாட்சியின் நிதி நிருவாகத்தோடு பிணைந்த ஓர் ஏற்பாடு என்று நிறுவினார். கிட்டியைப் பிடித்த கை சேவகனுடையதுதான். ஆனால் இன்ன நாளுக்குள் இவ்வளவு தொகை வந்துசேரவேண்டும் என்று கணக்கிட்டுச் சேவகனை விரட்டியது யாருடைய கை? அந்தக் கையில் இரத்தக்கறை படியவில்லை. மைக்கறை மட்டும் படிந்திருந்தது.

காகிதத்தின் ஆட்சி

அறிக்கைக்குப் பின் கிட்டி வெளிப்படையாக நிற்க முடியவில்லை. 1858 இல் கம்பெனி ஆட்சி முடிந்து முடியாட்சி வந்தது. 1864 இல் சென்னை வருவாய் வசூற் சட்டம் பிறந்தது. தமிழ்நாட்டின் பெயரை ஏற்று இன்றும் நடைமுறையிலுள்ள சட்டம் அது. தவணை தப்பினால் நிலுவை. நிலுவைக்கு எழுத்து மூலம் அறிவிப்பு. பின்னர் அசையும் பொருளின் ஜப்தி. நின்ற பயிரும் ஜப்திக்குள் அடங்கும். பின்னர் தண்டோராப் போட்டு நிலத்தின் ஏலம். வேண்டுமென்றே பணத்தை மறைப்பதாகக் கலெக்டர் கருதினால் ஆளைப் பிடித்துச் சிறையிலடைக்கவும் வழி. எல்லாம் ஒழுங்கு, எல்லாம் படிமுறை. கிட்டியோடு ஒப்பிட இது பெரும் முன்னேற்றமே. அதை மறுப்பது நேர்மையாகாது. உடலுக்கு இழைத்த கொடுமை குற்றமாயிற்று. அதிகாரி செய்யவேண்டியது எழுத்தில் வந்தது. எழுத்தில் வந்ததைக் காட்டி எதிர்த்து வாதாடவும் இடம் பிறந்தது.

எனினும் சாதாரணக் கடன்காரனுக்கும் அரசுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. வட்டிக்கடைக்காரன் நீதிமன்றம் சென்று வழக்குரைத்துத் தீர்ப்புப் பெற்ற பின்னரே பிறர் பொருளில் கைவைக்கலாம். அரசு வழக்காடத் தேவையில்லை. கேட்பவரும் கணக்குப் பார்ப்பவரும் முடிவு செய்பவரும் விற்பவரும் ஒரே அலுவலகத்தார். 1913 ஆம் ஆண்டின் வங்காளப் பொதுக்கோரிக்கை வசூற் சட்டம் இதனை மிகத் தெளிவாகக் காட்டுகின்றது. அதிகாரி, இன்னார் இவ்வளவு தரவேண்டும் என்று ஒரு சான்றிதழ் எழுதிக் கையொப்பமிட்டுத் தம் அலுவலகத்திலேயே கோப்பில் சேர்ப்பார். அந்தச் சான்றிதழ் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரான வலிமை பெறும். கடன்பட்டவன் அறிவிப்புக் கிடைத்த 30 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். எழுத்தறியா உழவன் ஒருவன் அக்காகிதத்தை யாரிடம் கொடுத்து வாசித்தறிந்து, யாரிடம் மறுப்பு எழுதுவித்து, எவ்வளவு வண்டிச்சத்தம் கொடுத்து நகரத்துக்குப் போவான்? கிட்டி கையை நெரித்தது. காகிதம் காலத்தை நெரித்தது.

நிலவரிக்காகச் செய்த இந்தக் கருவி நிலவரியோடு நிற்கவுமில்லை. 1883 ஆம் ஆண்டின் நில அபிவிருத்திக் கடன் சட்டம், 1884 ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் சட்டம் ஆகியவற்றால் கொடுக்கப்பட்ட தக்காவிக் கடனும் நிலவரி நிலுவையைப் போலவே வசூலிக்கப்படலாயிற்று. நிலவரி நிலுவைபோல் வசூலிக்கப்படும் என்ற அந்த ஒரு வாசகம் பின்னர் எண்ணற்ற சட்டங்களில் ஒட்டிக்கொண்டது. உதவியென்று கொடுத்த பணமும் உதைக்கும் காலாக மாற ஒரு வாசகம் போதுமாயிற்று.

ஈழத்துக் கதை

கடல் கடந்து இப்பால் வந்தால் கதை வேறல்ல. 1848 இல் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்ததோடு, வீதிச் சட்டத்தையும் கொண்டுவந்தார். 18 முதல் 55 வயது வரையிலான ஆண் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும். அன்றேல் 3 சிலிங் பணம் கட்டவேண்டும். செல்வன் பணத்தைக் கட்டினான், ஏழை கல்லுடைத்தான். அவ்வாண்டு யூலையில் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சி இராணுவச் சட்டத்தால் நசுக்கப்பட்டது; புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். டொரிங்டன் 1850 இல் பதவி இழந்தார். தலைவரி மட்டும் 1861 ஆம் ஆண்டின் சட்டத்தில் மறுபடியும் இடம்பெற்று நிலைத்தது.

நெல்வரியின் கதை இன்னும் நெடியது. விளைவில் பத்திலொன்று என்பது பொது விதி. இடத்துக்கிடம் பங்கு வேறுபட்டது. அமானி, குத்தகை, பணமாற்று என மூவகையாக அது வசூலிக்கப்பட்டது. குத்தகை முறையில் வரி தண்டும் உரிமையை ஏலத்தில் எடுத்தவன் அறுவடைக் காலத்தில் வயல்மேட்டில் வந்து நிற்பான். கதிர் முற்றியிருந்தாலும் அவனுக்கு அறிவிக்காமல் அரிவாள் வைக்கமுடியாது. மட்டக்களப்பு வயல்களை அறிந்தோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். வட்டைக்கு ஒரு வட்டவிதானை, நிலத்துக்கு ஒரு போடியார், அவருக்குக் கீழ் முல்லைக்காரன் என்று அடுக்கியிருந்த சமூகத்தில் மேலிருந்து இறங்கிய சுமை எந்தத் தோளில் வந்து தங்கியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

1878 ஆம் ஆண்டின் நெல்வரிச் சட்டம் பணமாற்றைக் கட்டாயமாக்கியது. குத்தகைக்காரனின் தொல்லை நீங்கியது. உழவன் கையில் பணமாக வைத்திருக்கவேண்டிய தொல்லை பிறந்தது. அதே காலத்தில் இலைநோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. மலைநாட்டுச் சிங்கள உழவர்க்குக் கூலியாகவும் விற்பனையாகவும் வந்துகொண்டிருந்த காசு நின்றது. 1880 களின் முற்பகுதியில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியில் வரி நிலுவைக்காக நிலங்கள் ஆயிரக்கணக்கில் ஏலம் போயின. சில ரூபா பாக்கிக்காகப் பரம்பரை வயல் கைமாறியது. வயலிழந்தோர் ஊரை விட்டு அலைந்து பசியாலும் நோயாலும் மடிந்தனர். இங்கே எவனும் எவனையும் அடிக்கவில்லை, கிட்டியில்லை, அண்ணாந்தாளில்லை. அறிவிப்பு ஒழுங்காகச் சென்றது, ஏலம் சட்டப்படி நடந்தது, ஏடு நேராயிற்று. கிராமம் அழிந்தது.

இக்கொடுமையை வெளிப்படுத்தியோரில் ஒருவர் அம்மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர். அலுவலகத்துள்ளிருந்தே எழுந்த குரல் அது. கொழும்பில் ஜோர்ஜ் வோல் போராடினார். இங்கிலாந்தில் கொப்டன் கழகம் பிரசுரம் வெளியிட்டது. 1892 இல் தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில் நெல்வரி ஒழிக்கப்பட்டது. தலைவரியோ இருபதாம் நூற்றாண்டிலும் நின்றது. 1920 களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்கா, விக்டர் கொரெயா முதலிய யங் லங்கா லீக்கினர் அவ்வரியைச் செலுத்த மறுத்துக் கிளர்ச்சி செய்த பின்னரே அது மறைந்தது.

யார் மாற்றினார்கள்?

இவ்வரலாற்றிலே ஒவ்வொரு தளர்வும் எவ்வாறு வந்தது என்பதை நோக்குக. சென்னைக்கு நடந்து சென்று தழும்பைக் காட்டியவர்கள் இல்லையேல் 1855 ஆம் ஆண்டு அறிக்கை இல்லை. வலப்பனையின் பிணங்கள் இலண்டனில் எண்ணப்படாதிருந்தால் 1892 இல்லை. 1928 இல் குசராத்தின் பர்தோலியில் நிலவரி 22 சதவீதம் உயர்த்தப்பட்டபோது, வல்லபாய் பட்டேலின் தலைமையில் மக்கள் செலுத்த மறுத்தனர். ஜப்தி அதிகாரிகள் எருமைகளைப் பிடிக்க வந்தார்கள். மக்கள் கதவைப் பூட்டி மனிதரும் மாடும் ஒன்றாய் உள்ளே கிடந்தனர்; இருளில் அடைபட்ட எருமைகளின் தோல் வெளிறிப்போயிற்று. முக்கால் நூற்றாண்டுக்கு முன் சென்னையில் தண்டனையாக மாட்டை அடைத்தார்கள். பர்தோலியில் மக்கள் தாமே அடைத்து அதை ஆயுதமாக்கினார்கள். விசாரணைக்குப் பின் உயர்வு சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது.

1980 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஒரு வங்கிக் கடன் வழக்கு வந்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணையர் அதில் ஒரு முக்கியமான வேறுபாட்டை நிலைநாட்டினார். கொடுக்க வசதியிருந்தும் தீய நோக்கத்தோடு மறுப்பவன் வேறு. வசதியில்லாமையால் கொடுக்காதவன் வேறு. வறுமைக்காக ஒருவனைச் சிறையிலடைத்தல் அரசியலமைப்புத் தரும் வாழ்வுரிமைக்கு மாறானது என்பது அத்தீர்ப்பின் கருத்து. 1957 இல் கேரளத்தில் அமைந்த நம்பூதிரிப்பாடு மந்திரிசபையில் அமைச்சராயிருந்தவர் அவர் என்பதை வாசகர் அறிவர். உக்கல் ஆணை கேளாத கேள்வியை, கிட்டி கேளாத கேள்வியை, வலப்பனை ஏலம் கேளாத கேள்வியை அத்தீர்ப்புக் கேட்டது: இவன் ஏன் கொடுக்கவில்லை?

நம் ஊரின் பொறுப்பு

வரியே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அமிர்தகழியை உள்ளடக்கிய மட்டக்களப்பு நகரம் 1967 இல் மாநகர சபையாயிற்று. ஆதனவரி சேராவிடின் தெருவிளக்கு எரியாது, வடிகால் துப்புரவாகாது, நூலகத்துக்குப் புத்தகம் வாராது. இவற்றால் மிகுதியும் பயனடைவோர் ஏழைகளே. செல்வன் தன் வீட்டு விளக்கைத் தானே ஏற்றிக்கொள்வான். தன் பிள்ளைக்குப் புத்தகத்தைத் தானே வாங்குவான். ஆகவே பொதுப்பணத்தை ஏமாற்றுதல் பொதுமக்களை ஏமாற்றுதலே. நிலுவை வசூலிக்கப்படவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

யாரிடம் முதலில், எந்த முறையில் என்பதே கேள்வி. மாநகர சபைச் சட்டம் நிலுவைக்கு வாரண்டு பிறப்பிக்கவும், பொருளைக் கைப்பற்றி விற்கவும் அதிகாரம் தருகின்றது. அதிகாரம் கூரை வேய்ந்த குடிசைக்கும் மாடிக் கட்டடத்துக்கும் ஒன்றே. ஆனால் குடிசையின் கதவைத் தட்டுவது எளிது. மாடியின் கதவுக்கு வழக்கறிஞர் காவல் நிற்கிறார். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி பெருநிறுவனம் கடனில் மூழ்கினால், கடன் கொடுத்தோர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு பகுதியைக் கைவிட்டு மற்றப் பகுதிக்கு உடன்படுகின்றனர். சிறு கடன்காரனுக்கு மேசையுமில்லை, நாற்காலியுமில்லை. அறிவிப்புக் காகிதம் மட்டும் உண்டு. 1978 நவம்பரில் சூறாவளியும் 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையும் கண்ட மண் மட்டக்களப்பு. கூரையைக் காற்றுக் கொண்டுபோன ஆண்டிலும் ஏட்டிலே நிலுவை என்ற சொல் ஒன்றே எழுதப்படுமாயின், அந்த ஏடு உண்மையைக் கூறும் ஏடாகாது.

மாணவ நண்பர்களுக்கு நாம் ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊர்ச் சபையின் நிலுவைக் கணக்கு பொதுமக்களின் கணக்கு. அதைக் கேட்டுப் பாருங்கள். பெயர்களை அல்ல, தொகைகளைப் பாருங்கள். பெருந்தொகைகள் மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். வாரண்டு அந்த வரிசையின் தலையிலிருந்து புறப்படுகின்றதா, காலிலிருந்து புறப்படுகின்றதா என்று கண்டறியுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், ஏன் கொடுக்கவில்லை என்பதை எழுத ஓரிடம் இருக்கின்றதா என்றும் பாருங்கள். இல்லையேல் அவ்விடத்தை உண்டாக்கும்படி சபையைக் கேளுங்கள்.

வெண்கலத்தை எடுக்கும் உரிமை மக்களாட்சிக்கு உண்டு. அது மக்களின் வெண்கலம். மண்கலத்தை உடைக்கும் உரிமை எந்த ஆட்சிக்கும் இல்லை.